யானையின் பெயரை எப்போது சொல்வது?

பார்வையற்றவர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை அநேகமாக இல்லை. அந்தக் கதையைக் கொண்டு பிள்ளைகளைக் கலந்துரையாட வைப்பதில் உள்ள முதற் சிக்கலும் அதுவே. திருகோணமலை மாவட்டத்து உப்புவெளியில் நாங்கள் மூன்று ஆசிரியைகள் சனிக்கிழமைகளில் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குத் தரம் ஒன்று முதல் தரம் நான்கு வரையான பிள்ளைகள் இருபது, இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள், கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளைகள், தம்பலகாமத்திலும் கந்தளாய்ப் பக்கத்திலும் வயல் செய்யும் குடும்பங்களிலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எனக் கலந்த கூட்டம். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அடுத்த தவணையில் இக்கதைக்கு நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்குவதென்று முடிவாகிவிட்டது. எந்த முறையில் நடத்துவது என்பதில் மட்டும் மூவருக்கும் மூன்று கருத்து இருந்ததால், சென்ற தவணையில் பெரும்பாலானவற்றை ஒரு முறையேனும் செய்து பார்த்தோம். எதை எந்த வயதுக்கு வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிப்பதற்காக எழுதிய ஒப்பீடு இது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பிள்ளைகள் கதையைத் திருப்பிச் சொல்கிறார்களா என்பதை நாங்கள் பார்க்கவில்லை. எந்த முறையில் நடத்தினாலும் அதைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பிள்ளை சொன்னதற்கு இன்னொரு பிள்ளை, ஆசிரியையின் முகத்தைப் பாராமல், சொன்ன பிள்ளையைப் பார்த்தே மறுமொழி சொல்கிறதா என்பதையே கவனித்தோம். அடுத்து, பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்த்தோம். "எல்லாரும் சொன்னது சரி" என்று முடிந்தால் அதைத் தோல்வி என்றே நான் கொள்கிறேன். காலைத் தொட்டவர் "தூண் போல இருக்கிறது" என்றது சரி. "இது தூண்தான்" என்றது பிழை. கைக்குத் தெரிந்ததற்கும் அதிலிருந்து தாவிப் பிடித்த முடிவுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ள வேண்டும். அது நடக்காவிட்டால், பிறர் மனம் நோகாமல் தலையாட்டப் பழக்குவதோடு கதை நின்றுவிடும்.

முறைகளுக்கு முன்னால் இன்னொரு தெரிவும் உண்டு: கதையின் எந்த வடிவத்தைச் சொல்வது? பௌத்தர்களின் பாளி நூலாகிய உதானத்தில், சாவத்தி நகரத்து அரசன் ஒருவன் பிறவியிலேயே பார்வையற்றவர்களைத் திரட்டி, யானையின் வெவ்வேறு உறுப்புகளைத் தொடக் கொடுக்கிறான். தலையைத் தொட்டவர்கள் குடம் என்கிறார்கள். காது சுளகாகவும், கொம்பு கலப்பையின் கொழுவாகவும், தும்பிக்கை ஏர்க்காலாகவும், உடல் களஞ்சியமாகவும், கால் தூணாகவும், முதுகு உரலாகவும், வால் உலக்கையாகவும், வால்நுனி மயிர் விளக்குமாறாகவும் தெரிகின்றன. பிறகு கைகலப்பு நடக்கிறது. அரசன் அதைப் பார்த்து மகிழ்கிறான். சமணர்கள் இதே கதையை, ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டென்னும் தங்கள் அநேகாந்தவாதத்தை விளக்கக் கையாண்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் பாரசீகச் சூஃபிக் கவிஞர் ரூமியின் வடிவத்தில் பார்வையற்றவர் எவருமே இல்லை: யானை ஓர் இருட்டு வீட்டுக்குள் நிற்கிறது, பார்க்கப் போனவர்கள் இருளில் தடவுகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுதிரி இருந்திருந்தால் பேச்சில் வேறுபாடு நீங்கியிருக்கும் என்கிறார் கவிஞர்.

நாங்கள் ரூமியின் இருட்டு வீட்டையும் உதானத்தின் உவமைகளையும் சேர்த்துக்கொண்டோம். சுளகும் உரலும் உலக்கையும் எங்கள் பிள்ளைகள் கையால் தொட்டவை; வழக்கமாகச் சொல்லும் கதையில் கொம்புக்கு உவமையாக வரும் ஈட்டியை அவர்களில் யாரும் தொட்டதில்லை. இருட்டு வீட்டை ஏன் எடுத்தோம் என்பதற்குக் காரணம் நடிப்பு முறையில் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் முறை, எல்லோரும் அறிந்தது: கதையை முழுவதும் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பது. இதற்குச் செலவில்லை; நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியை தனியாகச் செய்யலாம்; இரவில் பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தாய் செய்யக்கூடியதும் இது ஒன்றுதான். நாங்கள் செய்தபோது கதை நன்றாகவே போனது. முடிந்ததும் என் சக ஆசிரியை வழக்கம்போல "இதிலயிருந்து என்ன விளங்குது?" என்று கேட்டார். கேட்டு வாய் மூடுமுன் "எல்லாருடைய கருத்தையும் மதிக்க வேணும் டீச்சர்!" என்று கூட்டாக மறுமொழி வந்தது. அறநெறி வகுப்பிலும் பாடப்புத்தகத்திலும் கதைக்குக் கீழே நீதி இருக்கும் என்று பழகிய பிள்ளைகள் அவர்கள். நீதியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதன்பிறகு எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் வந்ததே தவிர, ஒருவரோடொருவர் பேசவில்லை.

இந்தத் தோல்விக்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதை ஏறத்தாழ நான்கு வயதில் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளத் தொடங்குகிறார்கள் என்பது 1983இல் விம்மர், பெர்னர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால், ஒரே துண்டைப் பார்த்த இருவர் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதைவிடக் கடினமானது. படம் ஒன்றைப் பிள்ளைக்கு முழுவதும் காட்டிவிட்டு, பின்னர் ஒரு சிறு மூலை மட்டும் தெரியும்படி மறைத்து, "இப்போது உள்ளே வருகிறவருக்கு இது என்ன படமென்று தெரியுமா?" என்று கேட்கும் சோதனைகள் 1980களில் நடந்தன, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் "தெரியும்" என்றே சொன்னார்கள். தங்களுக்குத் தெரிந்த யானையைத் தங்களால் மறக்க முடியாது. கதையின் முதல் வரியிலேயே, ஏன், தலைப்பிலேயே 'யானை' என்று சொல்லிவிட்ட பிறகு தரம் ஒன்றுப் பிள்ளைக்கு அந்தக் கதைமாந்தர் எல்லாம் வெறும் மடையர்கள். "யானை எண்டு தெரியாதா இவையளுக்கு?" என்று ஒரு பெண்பிள்ளை சிரித்தது அதனால்தான். மடையர்களோடு யாரும் கருத்து வேறுபடுவதில்லை, சிரிப்பதோடு சரி.

இரண்டாவது முறை, கதைக்கு முன் கைக்கு வேலை கொடுப்பது. ஓர் உரப்பையில் கை நுழையும் அளவுக்கு நான்கு ஓட்டைகள் வெட்டி, ஓரங்களைத் தைத்து, வாயை இறுகக் கட்டினோம். உள்ளே மடித்து வைத்தது ஒரு பழைய மீன்வலை. ஓட்டைக்கு ஒருவராக நான்கு பிள்ளைகள். தன் ஓட்டைக்குள் மட்டும் கை விடலாம், எல்லோரும் தொட்டு முடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள், இதே ஒழுங்கில்: கைக்கு எப்படி இருந்தது? என்னவாக இருக்கும்? இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முதற் கேள்விக்கு வந்த பதிலை எவரும் மறுக்க முடியாது. இரண்டாவதை எவரும் மறுக்கலாம்.

கண்ணியைத் தொட்ட சிறுவன் வெங்காயப் பை என்றான். கயிற்றைத் தொட்டவள் உடுப்புக் காயப்போடும் கொடி என்றாள். மூன்றாவது பிள்ளை மெத்தென்று ஏதோ ஒன்றை நசித்துப் பார்த்து, "செருப்பு, ரப்பர் செருப்பு" என்றாள். நான்காவது சிறுவன் ஈயக் குண்டுகளை மட்டுமே தொட்டான். தொட்ட மாத்திரத்தில் "வலை" என்றான். மற்ற மூவரும் "நீ ஒளிச்சுப் பார்த்தாய்!" என்று அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் அமைதியாக, "அப்பா ஈயம் கட்டக்குள்ள நான்தான் ஒண்டொண்டா எடுத்துக் குடுக்கிற" என்றான். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தொட்ட இடம் வேறென்பதால் மட்டும் பார்வை வேறுபடுவதில்லை, தொட்ட கை முன்பு என்ன வேலை செய்தது என்பதாலும் வேறுபடுகிறது என்ற செய்தி கதைக்குள் இல்லை. பழைய உரப்பைக்குள் இருந்தது.

பையை அவிழ்த்தபோது இன்னொன்று நடந்தது. வலையின் மிதவைகளில் ஒன்று உண்மையிலேயே பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டியது. வார் கோத்த ஓட்டை கூட அதில் அப்படியே இருந்தது. செருப்பு என்று சொன்னவள் அதைத் தூக்கிப் பிடித்து, "அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றாள். "முந்திச் செருப்பு, இப்ப வலை" என்றான் ஈயக்காரன். "செருப்புத் துண்டு, செருப்பில்ல" என்றது வேறொரு குரல். "செருப்புத் துண்டு செருப்பில்லையெண்டா வலைத் துண்டும் வலையில்ல" என்று அவள் விடவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. என்னை யாரும் பார்க்கவுமில்லை.

அதற்குப் பின்னரே கதை. அதிலும் யானை என்ற சொல்லைச் சொல்லவில்லை: இருட்டு வீட்டுக்குள் எதையோ கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், ஒருவர் சுளகு என்கிறார், ஒருவர் உரல் என்கிறார், சண்டை முற்றுகிறது என்று சொல்லி நிறுத்தினோம். கதையை முன்பே கேட்டிருந்த பிள்ளைகள்கூட உவமைகள் மாறியிருந்ததால் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. தம்பலகாமத்துப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணி, "சுளகு, உரல், உலக்கை, விளக்குமாறு, நெல்லுப் போடுற இடம், எல்லாம் இருக்கெண்டா அது நெல்லுக் குத்துற வீடுதானே?" என்றாள். சொன்ன ஒவ்வொன்றையும் மதித்து, ஒன்றையும் விடாமல் கூட்டி, நியாயமாக யோசித்து, முற்றிலும் பிழையான விடைக்கு வந்து சேர்ந்திருந்தாள். எல்லாருடைய பேச்சையும் சேர்த்தால் உண்மை வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இருந்த எனக்கு அது நல்ல பாடம். 'போல' என்ற சொல்லை ஒவ்வொருவரும் விழுங்கிவிட்டதால் வந்த வினை அது. அதைக் கண்டுபிடித்தவன் தரம் நான்கில் படிக்கும் ஒரு சிறுவன்.

இம்முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு பைக்கு ஒரு நேரத்தில் நான்கு பேர் என்றால் இருபது பேருக்கு ஐந்து சுற்று வேண்டும். முதற் சுற்று முடிந்ததும் இரகசியம் பாய் முழுவதும் பரவிவிடும். ஆகவே வெவ்வேறு பொருள் வைத்த மூன்று பைகளாவது தேவை, பைக்கு ஒரு பெரியவரும் தேவை. தரம் ஒன்றுப் பிள்ளைகள் தொடுவதற்குப் பதில் பொருளை ஓட்டை வழியே வெளியே இழுக்கப் பார்த்தார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியை தனித்து இதைச் செய்வது கடினம். மேசைக்கு முன்னால் நான்கு பேரை மட்டும் அழைத்து மற்றவர்களைக் கேட்க வைப்பது அரைவாசிப் பயனாவது தரும்.

மூன்றாவது முறை, நடிப்பு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுவே, எங்களுக்கு மிகவும் கவலை தந்ததும் இதுவே. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தடுமாறி விழுவதில் எல்லோரும் மும்முரமாகிவிட்டார்கள். யானையைப் பற்றிய சண்டை வசனம் மனப்பாடமாக வந்து போனது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு யானையின் பின்னங்கால் வேடம்தான் மிஞ்சியது. ஒரு சிறுவன் மட்டும் நடிக்க வரமாட்டேன் என்று சுவரோடு உட்கார்ந்திருந்தான். கேட்டபோது, தன் அப்பப்பாவுக்குக் கண் தெரியாது என்றான், சற்றுப் பொறுத்து, "அவர் இப்பிடிச் சொல்ல மாட்டார். முழுசாத் தடவிப் பார்த்துத்தான் சொல்லுவார்" என்றான். கதையின் அடிப்படையையே அந்த ஒரு வாக்கியம் அசைத்துவிட்டது. கண் தெரியாமல் வாழ்கிறவர் ஒரு பொருளின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டு நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவரால் ஒரு நாளைக் கழிக்க முடியாது. ஒரு மூலையோடு நிற்பது கண்ணை நம்பிப் பழகிய எங்களைப் போன்றவர்களின் வழக்கம். அன்றிலிருந்து, பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இருட்டு வீட்டு வடிவத்தையே என்று முடிவு செய்தோம்.

படங்களைக் காட்டிப் பேச வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் படத்திலும் யானை முழுசாக நிற்கிறது. பார்க்கிற பிள்ளை அரசனின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. கதை முடிந்தபின், தான் தொட்டதை மட்டும் வரையச் சொல்வதற்குத் தாளும் வண்ணப் பென்சிலும் உதவும்.

நான்காவது முறை, கதையை விட்டுவிட்டு ஊரை எடுப்பது. மூவரில் இளையவர் இதையே வலியுறுத்துகிறார், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள் அருகருகே இருந்தும் வெப்பம் ஒன்றுபோல் இல்லை, குழுவுக்கு ஒரு கிணற்றை மட்டும் கொடுத்து, "கன்னியாத் தண்ணீர் எப்படி?" என்று கேட்டால் சண்டை தானாக வரும். மூதூர்ப் பக்கமிருந்து கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் பார்க்கும், கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையும், கோட்டைக்குள் மான்களைக் கடந்து ஏறிப்போகிறவர் காணும் சுவாமி மலையும் ஒரே மலையென்று வரைந்து காட்டினால் நம்புவது கடினம். இவற்றில் உள்ள பெரிய நன்மை, விடையை முன்கூட்டியே வைத்திருக்கும் அரசன் எவனும் இல்லை என்பது. பஸ் பிடித்து இருபது பிள்ளைகளை வெந்நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஊரை எடுப்பதற்கு யானையை விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் கட்சி. இருட்டு வீட்டுக் கதையின் முடிவில் யானை என்று வெளிப்படுத்தியபோது, கந்தளாய்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் மிகுந்த ஐயத்தோடு, "யானை வந்தா ஆர் டீச்சர் கிட்டப் போய்த் தொடுவாங்க? ஓட வேணாமா?" என்று கேட்டான். அவனுக்கு யானை என்றால் இரவில் காவற் பரணில் இருந்து தகப்பன் போடும் யானை வெடி, காலையில் மிதிபட்டுக் கிடக்கும் பயிர். நகரத்துப் பிள்ளைக்கு அது ஊர்வலத்தில் பட்டுடுத்தி வரும் அழகு. இன்னொருத்தி, தான் பார்த்த யானைக்குக் கொம்பே இல்லை, அப்படியென்றால் கொழு என்று சொன்னவர் எதைத் தொட்டார் என்று கேட்டாள். அதுவும் சரியான கேள்வி: இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. உடலைத் தொட்டவர்களின் சண்டையை விட, யானையோடு வாழ்கிறவர்களுக்கும் யானையை வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் இடையிலான இந்த வேறுபாடு எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமானது. ஏழு வயதுப் பிள்ளைகள் அதைப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. பேசத் தொடங்கினாலே பெரிது.

ஆகவே என் தீர்மானம் இப்படி அமைகிறது. முதற் சனிக்கிழமை எல்லோருக்கும் பைகள் மட்டும்; கதை வேண்டாம். இரண்டாவதில் இருட்டு வீட்டுக் கதையைச் சண்டையோடு நிறுத்தி, பெயரைக் கடைசி வரை மறைத்து வைப்போம். தரம் ஒன்று, இரண்டுப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். அவர்கள் தொட்டதை வரையட்டும். மூன்றாவது வாரம் மூத்த பிள்ளைகளுக்கு அரசன் வருகிற வடிவத்தைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்போம்: சண்டை நடக்கும்போது அரசன் ஏன் மகிழ்ந்தான்? அவனுக்கு விடை தெரியுமே, ஏன் சொல்லவில்லை என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் கோபம் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மேலும் திரும்பலாம், திரும்பட்டும். நான்காவது வாரம் அவரவர் ஊர் யானை. நடிப்பைக் கைவிடுகிறோம், கன்னியா பிறகு. வீட்டில் தனியாகச் சொல்லும் பெற்றோர் பையைத் தேட வேண்டாம்: யானை என்ற சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு, "யார் சொன்னது சரி?" என்பதற்குப் பதிலாக "அவர் எங்கே நின்று தொட்டார்?" என்று கேட்டால் போதுமானது.

மீதியிருப்பது, புதிய பொருள்களைத் தேடும் வேலை. வலையின் கதை இந்நேரம் தம்பி தங்கையர் வரை போயிருக்கும். தேங்காய் திருவலையைச் சொன்னார்கள். பல் கையைக் கிழிக்கும் என்று விட்டுவிட்டோம். தற்போதைக்கு இரண்டு கைபிடி வைத்த பழைய இடியப்ப உரல் ஒன்று கிடைத்திருக்கிறது. அடித்தட்டின் ஓட்டைகளைத் தொடுகிற பிள்ளை அதைப் பூவாளியின் வாய் என்று சொல்லும் என்கிறார் இளையவர். கைபிடியைத் தொடுகிற பிள்ளை சைக்கிள் ஹாண்டில் என்று சொல்லும் என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன்.